மூடுபனி மேல் பழி வேண்டாம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை இப்போது கணினித் திரையில்தான் ஏறி இறங்குகிறது. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் அடுத்த கட்டம் தொடங்கியது. போடியும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள புற்றடியும் இணையம் வழியே ஒன்றாகி, இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே ஏலத்தில் விலை கேட்கத் தொடங்கினார்கள். ஏல மையத்துக்கு வெளியேயும் இதே கதைதான். சந்தை நிலவரம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் கைபேசியில் கைமாறுகிறது, மலைச்சரிவில் தோட்டக் கணக்கு லேப்டாப்பில் ஏறுகிறது, பிள்ளைகளின் பாடமும் அதே திரையில் நடக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் ‘நெட் விட்டு விட்டு வருது’ என்றால், அது பணத்தையும் படிப்பையும் தொடுகிற பிரச்சினை.

இந்தப் புகாருக்கு மலைமேல் ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும்: ‘பனி இறங்கிருச்சு, இனி நெட் நிக்காது.’ ஊருக்குள் வேறொன்று: ‘கம்பெனிக்காரன் சரியில்ல.’ இரண்டாவது சில நேரம் உண்மை. முதலாவது ஏறக்குறைய எப்போதுமே தவறு. பல வீடுகளில் கோளாறு அதே அறைக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அந்த வீட்டுக்காரரின் கையிலேயே இருக்கிறது. ரேடியோ அலையின் குணம் கொஞ்சம் தெரிந்தால் போதும். தெரிந்துகொள்ளும்போது, இந்த இணைப்பு அறுந்துபோவதைவிட அறாமல் நிற்பதுதான் பெரிய அதிசயம் என்று தோன்றும்.

எந்த இடத்தில் அறுகிறது?

லேப்டாப்பின் மூலையில் இருக்கும் வைஃபை குறி நம்மை ஏமாற்றிவிடும். எல்லா வளைவும் நிறைந்து தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. ஏனென்றால் அந்தக் குறி சொல்வது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சில மீட்டர்களைப் பற்றி மட்டுமே. அதற்குப் பிறகு ரவுட்டரிலிருந்து தெருக் கம்பம் வரை போகும் கண்ணாடி இழை இருக்கிறது, அங்கிருந்து நிறுவனத்தின் நிலையம், அதற்கும் அப்பால் பெருநகரங்களின் பெரிய வலையமைப்பு. எந்த இடத்தில் அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சுழன்றுகொண்டே இருக்கும் வட்டம்.

இந்தக் கட்டங்களைப் பிரித்துப் பார்க்க ‘பிங்’ என்ற சிறு கட்டளை எல்லாக் கணினியிலும் இருக்கிறது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் முறையே அவருக்கு மாதிரி. நாம் கேட்கும் முகவரிக்கு ஒரு சிறு பொட்டலம் போகும், பதில் வரும், போய்வந்த நேரம் மில்லிசெகண்டில் தெரியும்.

இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து இரண்டு பிங் ஓடவிடுங்கள். ஒன்று உங்கள் ரவுட்டருக்கு. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, இல்லையென்றால் நெட்வொர்க் விவரத்தில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று காட்டும் எண். இன்னொன்று வெளி உலகுக்கு, 8.8.8.8 போன்ற ஒரு பொது முகவரிக்கு. நெட் தடுமாறும்போது இரண்டையும் பாருங்கள். ரவுட்டருக்கான பதிலே நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுக்குத் தாவினாலோ, வராமலே போனாலோ, கோளாறு உங்கள் அறைக்குள் இருக்கும் வைஃபையில். ரவுட்டர் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் சீராகப் பதில் சொல்லி, வெளியிலிருந்து மட்டும் பதில் இல்லையென்றால் கோளாறு இழையிலோ அதற்கு அப்பாலோ. அப்போது இழை வந்து சேரும் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் இழையில் வரும் ஒளியே பெட்டியை எட்டவில்லை. லேப்டாப்பில் எதைத் திருகினாலும் பயனில்லை. இரண்டு பிங்கும் சீராக ஓடி, பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால், பெரும்பாலும் இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் கோளாறு.

ஐந்து நிமிடச் சோதனைதான். ஆனால் இதைச் செய்யாமல்தான் பலர் புது ரவுட்டர் வாங்குகிறார்கள், வாங்கிய பிறகும் அதே வட்டம் சுழல்கிறது.

50 கோடியில் ஒரு பங்கு

கோளாறு அறைக்குள் என்று தெரிந்துவிட்டால், அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு ரவுட்டர் ஒன்று காற்றில் விடும் ரேடியோ சக்தி சுமார் 100 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் எல்லாத் திசையிலும் பரவிப்போகிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒன்றாகிவிடும்.

லேப்டாப்புக்கு வந்துசேரும் சக்தியை ‘டிபிஎம்’ என்ற அலகில் சொல்வார்கள். கைபேசியில் கிடைக்கும் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இதைக் காட்டும். மைனஸ் 50 என்றால் நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 80-ஐத் தொட்டால் இணைப்பு ஊசலாடும். இந்த மைனஸ் 67-ஐக் கணக்காக்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ரவுட்டர் அனுப்பிய சக்தியில் 50 கோடியில் ஒரு பங்கு மட்டுமே லேப்டாப்பை அடைந்திருக்கிறது. அந்தத் துளியிலிருந்துதான் ஒரு முகத்தையும் ஒரு குரலையும் கருவி மீட்டெடுக்கிறது. மைனஸ் 80-இல் கிடைப்பது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அந்த நிலையிலும் கருவி உடனே கைவிடாது. வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு செய்தியையும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். நமக்குத் தெரியும் ‘ஸ்லோ’ என்பது, பெரும்பாலும் அறுந்துபோகாமல் இருக்க அது நடத்தும் போராட்டம்தான்.

பனியா, இலையா?

இனி மூடுபனியின் வழக்குக்கு வருவோம். வைஃபை இயங்கும் முதல் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். நொடிக்கு 240 கோடி அதிர்வுகள், அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே பகுதியில்தான், 2.45 கிகாஹெர்ட்ஸில். நீர் மூலக்கூற்றின் ஒரு முனை நேர்மின் பக்கமும் மறுமுனை எதிர்மின் பக்கமும் சாய்ந்திருக்கும். அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்ப முயன்று, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு உரசி, அலையின் சக்தியை வெப்பமாக்கிவிடும். அப்படியானால் நீர்த்துளிகளால் ஆன மூடுபனி வைஃபையை விழுங்கத்தானே வேண்டும்?

எவ்வளவு நீர் என்று பார்க்க வேண்டும். அடர்ந்த மூடுபனியில்கூட ஒரு கனமீட்டர் காற்றில் திரவ நீர் அரை கிராமுக்குள்தான் இருக்கும். 100 மீட்டர் நீளமும் ஒரு சதுர மீட்டர் குறுக்களவும் கொண்ட பனியை முழுதாகப் பிழிந்தாலும் 50 கிராம் கிடைத்தால் அதிகம். துளி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. பன்னிரண்டரை சென்டிமீட்டர் அலைக்கு அவை இருப்பதே தெரியாது. கண்ணை மறைக்கிற அதே வெண்திரையை வைஃபை தடையில்லாமல் கடந்துபோகும். ஒளியின் அலைநீளம் துளியைவிடச் சிறியது, அதனால் ஒளி சிதறுகிறது. ரேடியோ அலை துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு நீளமானது, அதனால் தப்பிவிடுகிறது.

இப்போது அதே வழியில் நிற்கும் ஏலச்செடிகளைப் பாருங்கள். ஒரு தூரில் பத்திருபது தட்டைகள் ஆளுயரத்தைத் தாண்டி எழுந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் இருபுறமும் நீண்ட இலைகள், எல்லாமே நீர் நிறைந்தவை. ஒரே தூரில் சில கிலோ நீர் நிற்கிறது. மேலே நிழல்மரங்களின் இலையடர்வு வேறு. பத்து மீட்டர் இலையடர்வைக் கடப்பதற்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் சக்தி நாலில் ஒன்றாகக் குறைந்துவிடலாம். பனி இறங்கும் நாளில் இலைகள் மேல் ஈரம் படலமாகப் படியும், இழப்பு இன்னும் கூடும். பனிக்கும் நெட்டுக்கும் தொடர்பு இருப்பதுபோலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். காற்றில் மிதக்கும்போது ஒன்றும் செய்யாத நீர், இலையிலும் சுவரிலும் சேர்ந்த பிறகு வேலையைக் காட்டுகிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மின்வெட்டும், மரக்கிளை விழுந்து கேபிள் அறுவதும் கூடவே வந்துவிடுவதால், எல்லாப் பழியும் கண்ணுக்குத் தெரிகிற பனி மேல் விழுகிறது.

மழையையும் இதேபோல் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவில், இரண்டரை சென்டிமீட்டர் நீளமே கொண்டது. நீர் அதிகமாக உறிஞ்சுவதும் இப்படி உயர்ந்த அதிர்வெண்களைத்தான். பெருமழையில் டிவி படம் உறைந்துபோவது அதனால்தான். அதே மழையில் வீட்டுக்குள் வைஃபை அசையாமல் நிற்கும்.

நீரைவிடக் கடுமையான தடை உலோகம். அலை அதில் பட்டால் புகாமல் திரும்பிவிடும். வீட்டில் இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி. தோட்டத்தில் தகரக் கூரை, தகரச் சுவர், காய் உலர்த்தும் ஸ்டோரின் இரும்புச் சாமான்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ பீரோ மேலோ செருகி வைக்கும் வீடுகள் ஏராளம். அதைச் சுவரின் நடு உயரத்தில், வீட்டின் நடுப்பகுதியில் திறந்தபடி வைத்தால் பல புகார்கள் காசு செலவில்லாமல் தீரும்.

நாலு விரல்கடை நகர்த்திப் பாருங்கள்

உலோகத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் அங்கேயே அழிந்துவிடுவதில்லை. நேராக வந்த அலையோடு அவையும் லேப்டாப்பை அடைகின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் சிக்னல் வலுக்கும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். இப்படி அறை முழுவதும் வலுவான இடங்களும் வெறுமையான இடங்களும் கண்ணுக்குத் தெரியாமல் மாறிமாறிக் கிடக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு வெறுமைகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அரை அலைநீளம், அதாவது ஆறு சென்டிமீட்டர் சொச்சம். நம் கணக்கில் நாலு விரல்கடை.

அனலைசர் செயலியைத் திறந்து, கைபேசியை மேசை மேல் மெல்ல நகர்த்தினால் இதை நேரில் பார்க்கலாம். நாலு விரல்கடை நகர்வதற்குள் டிபிஎம் எண் பத்து வரை மேலும் கீழும் போகும். அந்த எண்ணில் பத்து வித்தியாசம் என்றால் பத்து மடங்கு சக்தி. லேப்டாப்பைச் சற்றே தள்ளி வைத்ததும் நெட் வந்துவிடுவது தற்செயல் இல்லை. லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரச் சட்டத்துக்குள் இருப்பதால், திரையைச் சாய்க்கும் கோணம்கூடக் கணக்கில் வரும்.

இந்த எதிரொலிக் குழப்பம் ஒரு காலத்தில் கம்பியில்லா வலையமைப்பின் பெரிய முட்டுக்கட்டை. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜான் ஓசல்லிவன் குழு அதற்கு ஒரு வழி கண்டது. ஓசல்லிவன் வானொலி வானியலாளர். வெடிக்கும் சிறு கருந்துளைகளின் ரேடியோத் துடிப்பை முன்பு தேடியவர். அந்தத் துடிப்பு கிடைக்கவில்லை. ஆனால் சிதைந்து வரும் சிக்னலைக் கணிதத்தால் சீர்செய்யும் பயிற்சி கையில் இருந்தது. செய்தியை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பினால் எதிரொலிகள் ஒன்றையொன்று குழப்பாது. 1999-இல் வந்த ஒரு வைஃபை தரத்தில் ஒரே தடம் 52 துணை அலைகளாகப் பிரிந்தது. கருந்துளையைத் தேடியவரின் உழைப்பில் ஒரு பங்கு போடித் தெருவில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளும் இருக்கிறது.

ஊருக்குள் நெரிசல்

மலைச்சரிவில் இலையும் தூரமும் தடை என்றால், போடி ஊருக்குள் தடை பக்கத்து வீடுகள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் அனுமதி வந்தது. யாரும் யாரையும் கேட்காமல் ரவுட்டர் வைக்கலாம், எல்லோரும் வைத்திருக்கிறோம். அந்த அலைவரிசையில் நம் ரவுட்டர்கள் பயன்படுத்தும் தடங்கள் 13. அவையும் ஒன்றின்மேல் ஒன்று படிபவை. ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை மூன்றே: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அனலைசரைத் திறந்தால் பத்துப் பதினைந்து பெயர்கள் ஒரே தடத்தில் குவிந்திருப்பது தெரியும்.

குவிந்தாலும் அவை எப்படி வேலை செய்கின்றன? ஒரே அறையில் பலர் பேசும்போது நாகரிகம் தெரிந்தவர்கள் செய்வதையே ரவுட்டர்களும் செய்கின்றன. பேசுமுன் காது கொடுத்துக் கேட்கின்றன, யாரும் பேசவில்லையென்றால் பேசுகின்றன, இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால், பதில் வராததைக் கண்டு, ஒவ்வொன்றும் ஒரு தற்செயலான இடைவெளி விட்டு மறுபடி பேசுகின்றன. இந்த எண்ணத்தின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. கடலும் மலையும் பிரித்த தீவுகளில் கணினிகளைக் கம்பியால் இணைப்பது கடினம் என்று, நார்மன் ஏப்ராம்சன் குழு 1971 ஜூனில் ‘அலோஹா’ என்ற ரேடியோ வலையமைப்பை இயக்கியது. அதில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். அந்த முறையில் தடத்தின் திறனில் 18 சதவீதம் வரைதான் பயன்படும் என்று கணக்கு சொன்னது. ‘முதலில் கேள், பிறகு பேசு’ என்ற விதி பின்னால் சேர்ந்தபோது நிலைமை வெகுவாக மேம்பட்டது.

ஆனால் கேட்டுக் காத்திருப்பதற்கும் நேரம் ஆகிறது. மாலையில் தெருவே வீடியோ பார்க்கும்போது உங்கள் சிக்னல் மைனஸ் 45 என்று அருமையாக இருந்தும் நெட் தேங்கும். காலையில் சரியாக இருந்து இரவு எட்டு மணிக்குத் தடுமாறுகிற இணைப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ரவுட்டர் அமைப்பில் தடத்தை 1, 6, 11-இல் காலியானதற்கு மாற்றலாம். அதைவிட நல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போவது. அங்கே தடங்கள் அதிகம். அந்த அலை சுவரைக் கடக்கத் திணறும், ஆகவே பக்கத்து வீட்டு அலையும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. ஒரே அறையில் இருப்பவருக்கு 5, மூன்று சுவர் தாண்டி இருப்பவருக்கு 2.4 என்று வைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பைப் பிடித்த கோளாறு

கைபேசியில் நெட் நன்றாக ஓடி, அதே இடத்தில் லேப்டாப்பில் மட்டும் அறுந்தால் விசாரணை லேப்டாப்புக்குள் நகர வேண்டும். முதல் சந்தேகம் மின்சேமிப்பு. ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை ‘நான் இருக்கிறேன், உனக்குச் செய்தி இருக்கிறது’ என்று அறிவிக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த, லேப்டாப்பின் வைஃபை அட்டை இடையிடையே தூங்கி, இந்த அறிவிப்புக்கு மட்டும் விழிக்கும். சில அட்டைகளும் அவற்றின் டிரைவர் மென்பொருளும் இதில் தடுமாறும். சார்ஜரில் இருக்கும்போது சரியாகவும் பேட்டரியில் இருக்கும்போது மோசமாகவும் இருந்தால் காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது. டிவைஸ் மேனேஜரில் மின்சேமிப்புக்காகக் கருவியை அணைக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, டிரைவரைப் புதுப்பித்தால் தீரும்.

இரண்டாவது சந்தேகம் யாரும் எதிர்பாராதது. வேகமான யு.எஸ்.பி. 3 வகை ஹார்டு டிஸ்க்கும் பென் டிரைவும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. ஃபைல் நகலெடுக்கும்போது மட்டும் நெட் தொங்கினால், அந்த டிஸ்க்கை மறுபக்கத் துளையில் செருகுங்கள், அல்லது சிறு நீட்டிப்பு வயரால் தள்ளி வையுங்கள்.

மலையேறும் அலை

போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் பல வீடுகளில் இழை இணைப்பு இல்லை, கைபேசி ஹாட்ஸ்பாட்தான் கதி. அப்போது காற்றில் இரண்டு ரேடியோக்கள் ஓடுகின்றன: டவருக்கும் கைபேசிக்கும் இடையே ஒன்று, கைபேசிக்கும் லேப்டாப்புக்கும் இடையே ஒன்று. கைபேசியை யு.எஸ்.பி. வயரால் லேப்டாப்பில் இணைத்தால் இரண்டாவது ரேடியோ கணக்கிலிருந்து விலகிவிடும். அப்படியும் தடுமாறினால் கோளாறு டவர்ப் பக்கம்.

கீழே சமவெளியில் டவர் விளக்கு பளிச்சென்று தெரியும், கைபேசியில் சிக்னல் மட்டும் நிலைக்காது. இதற்குக் காரணம் உண்டு. டவர் ஆன்டெனாவின் வீச்சு செங்குத்தாகச் சில பாகை அகலமே கொண்டது. ஊரை நோக்கிக் கீழே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பவருக்கு வீச்சின் ஓரம்தான் கிடைக்கிறது. உச்சியிலோ எதிர்ச் சிக்கல்: தமிழ்நாட்டுப் பக்க டவர்களும் கேரளப் பக்க டவர்களும் ஒரே நேரத்தில் கேட்பதால் கைபேசி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கைபேசியை ஒரு திசை ஜன்னலில் நிலையாக வைத்து, லேப்டாப்பை உள்ளே வைத்துக்கொள்வது பெரும்பாலும் உதவும்.

மலையடிவாரத்திலிருந்து மேலே ஆன்டெனாவுக்கு ஆன்டெனா நேர்க்கோட்டில் இணைப்புக் கொடுப்பதும் உண்டு. இந்த மலை அப்படியொரு நேர்க்கோட்டை முன்பே பார்த்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு பக்கத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. கம்பிவடத்துக்கு வடமும் பெட்டியும் போகும் இடைவெளி போதும். ரேடியோ அலைக்கு அது போதாது. இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே அலை வயிறு பருத்துப் போகிறது. 10 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் நடுவழியில் அதன் ஆரம் சுமார் 11 மீட்டர். இந்தப் பருமனை ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். அதில் பாதிக்கு மேல் தடையின்றி இருந்தால்தான் இணைப்பு நிலைக்கும். பைனாகுலரில் எதிர்முனை தெளிவாகத் தெரிந்தும் நெட் தடுமாறினால், நடுவில் ஏதோ ஒரு மரம் வளர்ந்து அந்த வயிற்றுக்குள் தலைநீட்டியிருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றுமுன் இருந்ததையும் மாற்றியபின் வந்ததையும் எழுதி வையுங்கள். இடத்தை, தடத்தை, டிரைவரை மூன்றையும் சேர்த்து மாற்றினால் நெட் வரலாம், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுதி வைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. ‘நெட் சரியில்லை’ என்ற புகாருக்குக் கிடைக்கும் பதில் ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.’ ‘இரவு எட்டு மணிக்கு ரவுட்டர் வரை 3 மில்லிசெகண்ட், வெளியிலிருந்து பதிலே இல்லை, இது மூன்று நாளாக நடக்கிறது’ என்று சொல்லும் வாடிக்கையாளரை அப்படி அனுப்பிவிட முடியாது. விவசாயிக்கும் வியாபாரிக்கும் மாணவருக்கும் இந்த எண்கள் ஒரு பிடிமானம்.

போடியிலும் மலைமேலும் உள்ள பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அலைகளின் குறுக்கீட்டைப் படம் வரைந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், கைபேசி ஒன்றை மேசை மேல் நாலு விரல்கடை நகர்த்திக் காட்டுங்கள். தன் வீட்டின் எந்த மூலையில் மைனஸ் எத்தனை என்று ஒவ்வொரு மாணவரும் வரைபடம் போட்டு வரட்டும். ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று ஒரு முறை, அதே தூரத்தில் திறந்த வெளியில் ஒரு முறை அளக்கட்டும். பனி இறங்கிய நாளில் இரண்டையும் மறுபடி அளக்கட்டும். பனி குற்றவாளியா என்ற கேள்விக்கு இந்த மலையின் பிள்ளைகளே, தங்கள் எண்களைக் கொண்டு தீர்ப்பெழுதலாம்.